சிரிப்பும் அழுகையும் கலந்த படங்கள்: டர்பன் தமிழ்ப் பார்வையாளர் எங்கே பிரிகிறார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ ஒரே சோபாவில் உட்கார்ந்து ஒரே தமிழ்ப் படத்தைப் பார்த்த குடும்பத்திடம் கருத்துக் கேட்டால், மூன்று தலைமுறையும் மூன்று வேறு படம் பார்த்ததுபோலப் பேசும். "நல்லாத்தான் சிரிக்க வச்சான், கடைசியில எதுக்கு அந்தப் பிள்ளையச் சாகடிச்சான்?" என்பார் ஆயா. அம்மாவுக்கு அந்தக் கடைசி அரை மணி நேரம்தான் படம். இருபது வயதுப் பேரனோ முதல் பாதியில் யார் எதற்குச் சிரித்தார்கள் என்றே புரியவில்லை என்பான். ரசனை ஆளுக்கு ஆள் மாறும் என்று இதை ஒதுக்கிவிடுவது வழக்கம். ஆனால் முழுக்கச் சிரிப்புப் படத்துக்கும் முழுக்கச் சோகப் படத்துக்கும் கருத்து இந்த அளவுக்குப் பிளப்பதில்லை. இரண்டும் கலந்த படத்துக்கு மட்டும் ஏன் இப்படி?

படம் யாரைப் பார்த்துச் சிரிக்க வைத்தது, பிறகு யாருக்காக அழச் சொன்னது என்பதில்தான் பிளவின் வேர் பெரும்பாலும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆளாக இருந்தால், இடையில் படம் அந்த ஆளுக்கு என்ன மரியாதை செய்தது? "காமெடி கதையோட ஒட்டல" என்று பார்வையாளர் சொல்லும்போது பெரும்பாலும் இந்தக் கணக்கு நேராகவில்லை என்றுதான் சொல்கிறார்.

இதைப் பிரித்துப் பார்க்கத் தமிழில் பழைய கருவி ஒன்று இருக்கிறது. தொல்காப்பியம் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது வெளியே தெரியும் உணர்ச்சிகளை, சொல்லும்போது நகையை (சிரிப்பை) முதலிலும் அழுகையை அதற்கு அடுத்தும் வைக்கிறது. நகை பிறக்கும் இடம் நான்கு: எள்ளல், இளமை, பேதைமை, மடன். அழுகை பிறக்கும் இடமும் நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரை ஏளனம் செய்வது, சிறுபிள்ளைத்தனம், அறியாமை, வெகுளித்தனம் ஆகியவற்றால் சிரிக்கிறோம். அவமானம், இழப்பு, தளர்ச்சி, ஏழ்மை ஆகியவற்றால் அழுகிறோம். இந்த நான்கையும் அந்த நான்கையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால், எந்தச் சோடி இயல்பாகச் சேரும், எந்தச் சோடி உரசும் என்பது தெரிந்துவிடும்.

பேதைமையும் வறுமையும் நன்றாகச் சேரும். 2015-இல் திரைக்கு வந்த 'காக்கா முட்டை'யில் சேரிச் சிறுவர் இருவர் பீட்சா ஒன்றைத் தின்ன ஆசைப்படுகிறார்கள். நாம் சிரிப்பது அவர்கள் ஏழ்மையைப் பார்த்தல்ல, பீட்சாவைப் பற்றி அவர்கள் போடும் பிள்ளைக் கணக்கைப் பார்த்து. அதனால் அவமானம் வந்து விழும்போது, சற்றுமுன் சிரித்ததற்காக யாரும் கூச வேண்டியிருப்பதில்லை. இப்படி அமைந்த படத்தில் தலைமுறைகளுக்கிடையே கருத்து பெரிதாகப் பிரியாது.

எள்ளலையும் இளிவையும் சேர்ப்பது கத்திமேல் நடக்கிற வேலை. இரண்டும் ஒரே நிகழ்ச்சியின் இரண்டு பக்கம். கூட்டம் சிரிக்கிறது, நடுவில் நிற்பவன் குன்றிப்போகிறான். 2023-இல் வந்த 'குட் நைட்' இதைத் தெரிந்தே எடுத்துக்கொண்ட படம். நாயகனுக்குக் குறட்டை. ஊரே அவனை 'மோட்டார் மோகன்' என்கிறது, நாமும் சேர்ந்து சிரிக்கிறோம். பிறகு அதே குறட்டை மனைவியின் தூக்கத்தையும் உடம்பையும் கெடுக்கிறது. இங்கே சிரிப்பும் வேதனையும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. பார்க்கும் இடம் மட்டும் தெருவிலிருந்து படுக்கையறைக்கு நகர்ந்திருக்கிறது. அதனால் நேற்றுச் சிரித்த பார்வையாளர் இன்று வருந்துவதற்குப் படம் புதிதாக ஒரு விபத்தையோ வியாதியையோ கொண்டுவரத் தேவையில்லை. ஒட்டல என்ற புகாருக்குப் பெரும்பாலும் இலக்காவது இதற்கு எதிரான அமைப்பு. ஒருவரின் கருப்பு நிறத்தையோ பருமனையோ திக்குவாயையோ ஒன்றரை மணி நேரம் கிண்டல் செய்துவிட்டு, சிரிப்புக்குத் தொடர்பே இல்லாத ஒரு சாவைக் கொண்டுவந்து அழச் சொல்வது. வயதானவர்கள் இதைப் பொறுத்துக்கொள்வார்கள், பழகியவர்கள். டர்பனில் பள்ளியில் நிறத்தையும் இனத்தையும் பற்றி வெளிப்படையாகப் பேசி வளர்ந்த இளையவர்கள் பொறுப்பதில்லை. முதல் பாதியிலேயே மனம் விலகிவிட்டால், இரண்டாம் பாதி எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே வரமாட்டார்கள்.

எள்ளல் மேல்நோக்கிப் பாய்ந்தால் கதை வேறு. 2021-இல் வந்த 'மண்டேலா' படத்தில் ஊரே இளிச்சவாயன் என்று கூப்பிடும் முடி திருத்துபவருக்கு, அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குத் தொடங்குவதற்காக நெல்சன் மண்டேலா என்ற பெயர் கிடைக்கிறது. அவருடைய ஒற்றை ஓட்டு உள்ளாட்சித் தேர்தலின் முடிவைத் தீர்மானிக்கும் நிலை வருகிறது. படத்தின் கிண்டல் ஓட்டுக்காக அவரைத் தூக்கிச் சுமக்கிறவர்கள்மேல் விழுகிறதே தவிர அவர்மேல் அல்ல. தென்னாப்பிரிக்காவில் இந்தப் பெயரை விளையாட்டுக்கு எடுக்கலாமா என்ற தயக்கத்தோடு பார்க்க உட்காருகிறவர் இருப்பார். பெயர் யாருக்குக் கிடைக்கிறது, எதற்குக் கிடைக்கிறது என்று கண்டதும் அந்தத் தயக்கம் கரைவதற்கு இடம் இருக்கிறது.

உள்ளூர்ப் படங்களில் இதே கேள்வி இன்னும் கூர்மையாக எழுகிறது. ஜெயன் மூட்லி இயக்கி 2017-இல் வந்த 'கீப்பிங் அப் வித் த கந்தசாமிஸ்' சாட்ஸ்வர்த்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுத் தாய்மார் இருவரையும், காதலிக்கும் அவர்கள் பிள்ளைகளையும் பற்றியது. படம் ஆங்கிலத்தில்தான் பேசுகிறது, ஆனால் அது சாட்ஸ்வர்த் வீட்டு ஆங்கிலம். இத்தகைய படத்துக்கு இரண்டு கருத்து வரும், இரண்டும் நியாயமே. ஒன்று, "நம்ம வீடு மாதிரியே இருக்கு." மற்றொன்று, "நம்ம பேச்சையும் நடையையும் வெளியாள் பார்த்துச் சிரிக்கணுமா?" இரண்டும் படத்துக்குள் நடப்பதைப் பற்றிய வேறுபாடு அல்ல. பக்கத்தில் யார் உட்கார்ந்து பார்க்கிறார் என்பதைப் பற்றியது. நம்மவர் நிறைந்த அரங்கில் அந்தப் பேச்சு பேதைமையாகவோ வெகுளியாகவோ கேட்கும். அதே காட்சி உலகம் முழுதும் ஓடும் தளத்துக்குப் போனால் எள்ளலாகக் கேட்கலாம். அந்தத் தொடரின் 2021 படம் நெட்ஃபிளிக்ஸில் வந்தது என்பதை நினைவில் வைத்துத்தான் இந்த விவாதத்தைப் படிக்க வேண்டும்.

ஜோஹன்னஸ்பர்க் ஃபோர்ட்ஸ்பர்க்கில் நடக்கும் 'மெட்டீரியல்' (2012) இந்தச் சிக்கலையே கதையாக்கியது. துணிக்கடைக்காரர் மகன், அப்பாவுக்குத் தெரியாமல் மேடையேறி நகைச்சுவை பேசுகிறான். சிரிப்புக்குச் சரக்கு அவன் குடும்பமே. மேடையில் வரும் ஒவ்வொரு சிரிப்புக்கும் வீட்டில் ஒரு விலை இருக்கிறது என்பது பார்வையாளருக்கு முதலிலிருந்தே தெரிந்திருப்பதால், படம் கனக்கத் தொடங்கும்போது யாரும் திடுக்கிடுவதில்லை. குடும்பம் தமிழ் அல்ல, முஸ்லிம் குடும்பம். ஆனாலும் கடை வைத்த வீட்டில் வளர்ந்த யாருக்கும் அந்த அப்பா தெரிந்தவர்தான்.

இந்த மண்ணில் இதற்கு நாடக மரபும் உண்டு. ரோனி கவுண்டரின் 'த லானீஸ் ப்ளெஷர்', மவுண்ட் எட்ஜ்கம் சர்க்கரை ஆலை ஊரின் ஒரு மதுக்கூடத்தில் நடக்கிறது. வீட்டை விட்டுப் போன மகளை நினைத்துக் குடிக்கும் தொழிலாளி, மதுக்கூடப் பணியாள், வெள்ளை முதலாளி. 1970-களில் மேடையேறிய அந்த நாடகத்தில் சிரிப்பும் இளிவும் ஒரே வாக்கியத்தில் வந்துபோகும். கரும்புத் தோட்டத்துப் பிள்ளைகளின் வாரிசுகளுக்கு இந்தக் கலவை இறக்குமதிச் சரக்கு அல்ல.

இனி காதுக்கும் கண்ணுக்கும் வருவோம். டர்பன் தமிழர் வீடுகளில் பேச்சுத்தமிழ் தலைமுறைக்குத் தலைமுறை சுருங்கிவிட்டது. தென்னாப்பிரிக்காவின் 1996 அரசமைப்பின் ஆறாம் பிரிவு மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனாலும் இளையவர் பெரும்பாலோர் படத்தைத் திரையின் அடியில் ஓடும் ஆங்கில எழுத்தில்தான் (சப்டைட்டில்) படிக்கிறார்கள். ஜோஹன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்துப் பக்கம் வேலைக்கு வந்திருக்கும் தமிழ்நாட்டுக்காரர்களோ எழுத்தைப் பார்ப்பதே இல்லை. ஒரே அரங்கில் இந்த இரு சாராரும் உட்கார்ந்தால் சிரிப்பு இரண்டு அலையாக வரும்.

அது எப்படி நடக்கிறது என்று ஒரு காட்சியை நெருங்கிப் பார்க்கலாம். தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். சிரிக்க வைக்கும் வெடியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நடிகர் ஆறு வினாடி இழுத்து, நிறுத்தி, கடைசிச் சொல்லைப் போடுகிறார். ஆங்கில எழுத்தோ முழு வாக்கியத்தையும் முதல் வினாடியிலேயே காட்டிவிடுகிறது. நெட்ஃபிளிக்ஸின் வழக்கப்படி ஒரு வரிக்கு 42 எழுத்து, ஒரு தடவைக்கு இரண்டு வரி, அதிகபட்சம் 7 வினாடி நிற்கலாம். அத்தனையையும் இளைஞர் சில வினாடியில் படித்து முடித்துச் சிரித்துவிடுவார். நடிகர் அப்போது பாதி வாக்கியத்தில் இருக்கிறார். பேரனின் சிரிப்புச் சத்தத்தில் ஆயாவுக்குக் கடைசிச் சொல் கேட்காமல் போகும். பிறகு பேரன், "அந்த நடிகர் ரொம்ப மெதுவா பேசுறார்" என்பான். ஆயா, "சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்பார். இருவரும் குறை சொல்வது படத்தை. தவறு எழுத்து போட்ட நேரத்தில்.

சரிசெய்வது கடினமல்ல. நடிகர் நிறுத்தும் இடத்தில் எழுத்தையும் இரண்டாக வெட்டி, இரண்டாம் துண்டை அவர் கடைசிச் சொல்லைத் தொடங்கும் அதே கணத்தில் போட வேண்டும். இருவர் மாறி மாறிப் பேசும் இடத்தில் இருவர் பேச்சையும் ஒரே தடவையில் போடக்கூடாது. போட்டால் கேள்வி காதில் விழுமுன் பதில் கண்ணில் பட்டுவிடும். சோகக் காட்சியில் வேறு கவனம் வேண்டும். பேச்சு முடிந்த பிறகும் எழுத்து நின்றுகொண்டிருந்தால், மௌனத்தில் முகத்தைப் பார்க்க வேண்டிய கண் திரையின் அடியில் மாட்டிக்கொள்ளும். பேச்சு நின்றதும் எழுத்தை எடுத்துவிட வேண்டும்.

பாட்டை விட்டுவிடுவதுதான் இதில் பெரிய இழப்பு. தமிழ்ப் படத்தில் சிரிப்பிலிருந்து சோகத்துக்கு மாறும் பாலமாகப் பல நேரம் ஒரு பாட்டு நிற்கிறது. வசனத்துக்கு எழுத்துப் போட்டுவிட்டுப் பாட்டுக்குப் போடாமல் விட்டால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் பாலத்தைக் காணாமலே அக்கரையில் நிற்பார். "திடீர்னு எல்லாரும் ஏன் அழுறாங்க?" என்ற கேள்வி அங்கிருந்து வருகிறது.

இடைவேளையும் ஒரு பாலம். இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் எழுபது, எண்பது நிமிடத்தில் ஒரு திருப்பத்தை வைத்து, விளக்குப் போட்டு, மனம் மாற அவகாசம் கொடுக்கும்படி எழுதப்பட்டது. வீட்டிலோ இடைவேளை விடாத அரங்கிலோ அந்தத் திருப்பத்துக்கு அடுத்த நொடியே இரண்டாம் பாதி தொடங்குகிறது, மாற்றம் முரட்டுத்தனமாகத் தெரிகிறது. வீட்டில் காட்டுகிறவர்கள் அந்த இடத்தில் பத்து நிமிடம் நிறுத்தி டீ போடட்டும். தனியாகப் பார்ப்பதிலும் குறை உண்டு. சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் புரவைன், மனிதர் தனிமையைவிடக் கூட்டத்தில் சுமார் 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று கண்டார். போனில் தனியே பார்த்தவருக்குச் சிரிப்புப் பகுதி மெலிந்தும் சோகப் பகுதி தடித்தும் தோன்றும். "இது காமெடிப் படமே இல்லை" என்று அவர் சொல்வது அவர் பார்த்த அளவில் உண்மை.

படத்துக்கு முன் கொடுத்த வாக்கும் கருத்தைத் தீர்மானிக்கிறது. 'அன்பே சிவம்' 2003 பொங்கலுக்கு வந்தது. கமல்ஹாசன், மாதவன், வெள்ளத்தில் சிக்கிய பயணம், வாய்ச்சண்டை. அதற்குச் சில மாதம் முன்புதான் 'பஞ்சதந்திரம்' பார்த்துச் சிரித்த கூட்டம் அது. படத்துக்குள்ளே இருந்ததோ தழும்பேறிய முகமும், தொழிற்சங்கமும், ரத்தம் கொடுத்தும் பிழைக்காத ஒரு சிறுவனும். வசூலில் தோற்றது. பின்னர் தொலைக்காட்சியில் மறுபடி மறுபடி பார்த்தவர்கள் அதைக் கொண்டாடினார்கள். படம் மாறவில்லை. என்ன வரப்போகிறது என்று தெரிந்து உட்கார்ந்தவரின் எதிர்பார்ப்பு மாறியது.

தென்னாப்பிரிக்காவில் இது கூடுதலாக வலிக்கும் விஷயம். இங்கே தமிழ்ப் படம் வெள்ளிக்கிழமை சில திரைகளில் வரும், வார இறுதியில் கூட்டம் சேரவில்லை என்றால் போய்விடும். கலவைப் படங்களின் கூட்டம் வாய்ச்சொல்லால் இரண்டாம் வாரத்தில்தான் பெருகும். பெரிய நாயகனின் சண்டைப் படத்துக்கு முதல் நாளே ஆள் இருக்கிறது, இவற்றுக்கு இல்லை. நல்ல கலவைப் படம் வந்தால் முதல் சனி, ஞாயிறிலேயே போய்ப் பார்த்துவிட்டு, அன்றைக்கே நாலு பேருக்குச் சொல்லுங்கள். சொல்லும்போது முடிவைச் சொல்லாமல், "சிரிப்பு இருக்கு, கனமும் இருக்கு" என்ற ஒரு வரியை மட்டும் சேர்த்துச் சொன்னால், போகிறவர் சரியான மனத்தோடு போவார். 2025-இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' போன்ற படத்துக்கு இது பொருந்தும். இலங்கையிலிருந்து வந்த குடும்பம் சென்னையில் தன் பேச்சை மறைக்கப் படும் பாட்டில்தான் அதன் சிரிப்பு இருக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சிலிருந்து விலகிய தமிழ் பேசும் டர்பன் பெரியவர்களுக்கு அந்தத் தவிப்பை விளக்க வேண்டியதில்லை.

தமிழ்ச் சங்கமோ கோயில் மண்டபமோ படம் போட்டுக் கருத்துச் சேர்க்க விரும்பினால், முதலில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். பிறகு கேட்கும் முறையில் கவனம் வேண்டும், ஏனென்றால் "பிடிச்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் பிடித்தது என்பார்கள். நட்சத்திர மதிப்பெண்ணும் உதவாது. இருபது பேரில் பத்துப் பேர் 9-உம் பத்துப் பேர் 3-உம் போட்டால் சராசரி 6. இருபது பேரும் 6 போட்டாலும் சராசரி அதே 6. முதலாவது பிளந்த படம், இரண்டாவது சாதாரணப் படம். கலவைப் படத்தில் நமக்குத் தெரிய வேண்டியதே அந்தப் பிளவு. சராசரி அதைத்தான் மறைக்கிறது.

ஒரு தாளில் படத்தைப் பத்து நிமிடக் கட்டங்களாகப் பிரியுங்கள். 150 நிமிடப் படத்துக்கு 15 கட்டம். மூன்றாம் வரிசையில் ஒருவர், கடைசி வரிசையில் ஒருவர் பென்சிலோடு உட்காரட்டும். மண்டபம் முழுதும் சிரித்தால் ஒரு குறி, ஒரு மூலை மட்டும் சிரித்தால் வேறு குறி, அசையாமல் இருந்தால் ஒரு குறி, போன் வெளிச்சம் தெரிந்தால் ஒரு குறி. போன் வெளிச்சம்தான் எல்லாவற்றிலும் நேர்மையான விமர்சனம். மூலைச் சிரிப்பு அடிக்கடி வந்தால் அந்த மூலையில் தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா, எழுத்துப் படிப்பவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

கேள்வித் தாளையும் பேனாவையும் உள்ளே நுழையும்போதே கொடுத்துவிட வேண்டும். படம் முடிந்து கொடுத்தால் பாதிப் பேர் கார் நிறுத்தத்தில் இருப்பார்கள். பேச்சுத் தொடங்குமுன் எழுதச் சொல்லுங்கள், பெரியவர் ஒருவர் வாயைத் திறந்துவிட்டால் மற்றவர் அதை ஒட்டியே எழுதுவார்கள். கேட்க வேண்டியது நான்குதான். எங்கே சிரித்தீர்கள்? எங்கே மற்றவர் சிரித்தும் உங்களுக்குச் சிரிப்பு வரவில்லை? கதை கனமாகப் போகிறது என்று எப்போது தெரிந்தது? வசனத்தைக் கேட்டீர்களா, படித்தீர்களா? நான்காம் கேள்வியின் விடையை வைத்துத் தாள்களை இரண்டு அடுக்காகப் பிரித்த பிறகே மற்ற மூன்றையும் எண்ணுங்கள். ஒன்றாகச் சேர்த்தால், எழுத்து போட்டவரின் தவறெல்லாம் இயக்குநர் கணக்கில் போய்விடும். வாய்விட்டுப் பேசும்போது வயதில் சிறியவரை முதலில் பேசவிடுங்கள்.

இரண்டு மூன்று நாள் கழித்து அதே ஆட்களிடம் மறுபடியும் கேட்க வேண்டும். அனுபவத்தின் உச்சமும் முடிவும்தான் நினைவில் தங்குகின்றன, மொத்த நேரம் தங்குவதில்லை என்பதை உளவியலாளர் டேனியல் கானமன் முதலியோரின் சோதனைகள் காட்டின. நூறு நிமிடம் சிரித்துக் கடைசி இருபது நிமிடம் அழுதவர், அன்றிரவே "சோகப் படம்" என்று சொல்வது அதனால்தான். அப்போது கேட்பதற்கு ஒரே கேள்வி போதும்: இப்போது எந்தக் காட்சி மனதில் வருகிறது? சிரித்த காட்சி ஒன்றும் கலங்கிய காட்சி ஒன்றும் சொல்லி, இரண்டிலும் அதே ஆள் இருந்தால், அந்தப் படம் அவருக்கு ஒட்டியிருக்கிறது. சிரிப்புக்கு ஒருவரையும் சோகத்துக்கு வேறொருவரையும் சொன்னால், அவர் ஒரே டிக்கெட்டில் இரண்டு படம் பார்த்திருக்கிறார். தாளின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.